வாயும் வால்வும்

என் நெஞ்சுக்குள் வைத்த வால்வு சத்தம் போட்டது. அதனால் என் வீட்டில் என் சத்தம் எடுபடாமல் போயிற்று.

நடந்தது இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் விடுவதில்லை. "எப்படிங்க, எப்படிங்க" என்கிறார்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் தங்கையன். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போகிற உத்தியோகம். பேச்சுத்துணை கிடையாது. பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, விசில். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். வீட்டிலும் அதே வழக்கம். சரி என்றால் தலை ஆடும். இல்லை என்றால் ஆடாது. என் பெண்டாட்டி வீரம்மாள் இதற்குப் பழகியவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

வீடு ஸ்ரீரங்கத்தில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். ஒரே பெண். செல்லக்கிளி.

அறுபதாம் வருஷம் அவள் காவேரிக்கு அக்கரையில் இருந்த பாலக்கரை லூர்துவைக் கட்டிக்கொண்டாள். வேதக்காரப் பையன். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். என்னிடம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலை ஆடியிருக்காது. அது அவளுக்குத் தெரியும்.

"ரேடியோவுக்கு வால்வு மாத்துறவனுக்கா என் பொண்ணு?" என்று கத்தினேன். எட்டு வருஷம் கழித்து எனக்கே வால்வு மாற்றினார்கள். மேலே ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் போல.

அன்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன்.

"என் நெஞ்சு ஓடுற வரைக்கும் அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நாமளும் அவ வாசப்படி மிதிக்கக் கூடாது. இது என் நெஞ்சு மேல சத்தியம்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை பொத்துப்போயிற்று. வீரம்மாள் வெண்ணெய் தடவினாள். கட்டுப் போட்டாள். ஊருக்கே பேசுகிறவள் அன்று பேசவில்லை.

சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் யார் மேல் செய்ததோ அவருக்கு ஆகாது. நான் என் நெஞ்சு மேல் செய்தேன். அந்த நெஞ்சோ சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து அப்போதே கெட்டுப்போனது. ஆக, மகளைப் பார்க்கப் போனால் புருஷன் போய்விடுவான். புருஷன் போனால்தான் மகளைப் பார்க்கலாம். வீரம்மாளை இப்படி இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு நான் டியூட்டிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் செல்லக்கிளிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்கவேண்டியது. பாலக்கரையிலேயே நடந்தது. பெண் குழந்தை. மாசம் திரும்புவதற்குள் போய்விட்டது.

வீரம்மாள் குழாயடியில் கேட்டுக்கொண்டு வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். "செல்லக்கிளி பிள்ளை போயிருச்சாம்" என்றாள். என் தலை ஆடவில்லை. அவள் அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் நடந்து போனாள். அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் மலைக்கோட்டை தெரியும். பார்த்துக்கொண்டு நின்றாளாம். பாலம் பக்கத்திலேயே இருந்தது. ஏறவில்லை. திரும்பி வந்தாள்.

மலைக்கோட்டையில் இருக்கிற சாமிக்குத் தாயுமானவர் என்று பெயர். பிரசவம் பார்க்கவேண்டிய தாய் காவேரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொள்ள, சாமியே தாய் வேஷம் போட்டு வந்து பிரசவம் பார்த்தார் என்று கதை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சோறு போடும்போது வீரம்மாள் சொன்னாள்: "அந்தத் தாய்க்கு வெள்ளம் குறுக்க வந்துச்சு. எனக்கு வெள்ளம்கூட வரலைங்க."

நான் மோர் கேட்டேன்.

அறுபத்தெட்டில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நாலு அடி நடந்தால் நின்றுவிடுவேன். கால் வீங்கியது. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர். தமிழ் கொஞ்சம் தகராறு.

"உங்களுக்குப் புது வாள்வு கொடுக்கப் போறோம்" என்றார்.

"வாழ்வா?" என்றாள் வீரம்மாள். கும்பிட்டாள்.

"வால்வு" என்றேன் நான்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. கொடுக்கிறவரே ஒண்ணாத்தான் சொல்றாரு."

கோலி சோடா பாட்டில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஒரு குண்டு. மேலே போனால் அடைக்கும். கீழே இறங்கினால் வழி விடும். அதேதான் என் நெஞ்சுக்குள் வைத்தது. கம்பியில் சின்னக் கூண்டு, கூண்டுக்குள் குண்டு. ரத்தம் தள்ளும்போதெல்லாம் குண்டு கூண்டில் மோதும்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் வீரம்மாளை அழைத்துப் படம் போட்டு விளக்கினார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "உங்க மனைவி பெரிய தைரியசாலி. எல்லாரும் அழுவாங்க. இவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க, எத்தனை மணிக்கு முடிப்பீங்கன்னு."

என் மேல் இவ்வளவு கரிசனமா! அப்படித்தான் நினைத்துக்கொண்டு மயக்க மருந்துக்கு மூக்கைக் கொடுத்தேன்.

விழித்தபோது தலைமாட்டில் யாரோ கடிகாரம் வைத்திருந்தார்கள். டிக், டிக், டிக். எரிச்சலாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன்.

"அந்த டைம்பீஸை எடும்மா."

"அது நீங்கதான் தாத்தா" என்றாள்.

அன்று முதல் நான்தான் டைம்பீஸ்.

ஊர் திரும்பினேன். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் மடியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசியில் என்னையே பார்த்தார். "புதுசா வாங்கிட்டுப் போறீங்களா? என்ன கம்பெனி?" என்றார். சினிமாக் கொட்டகையில் பின்வரிசைக்காரன் "யாருய்யா அது பாக்கு வெட்டுறது?" என்றான். பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வீட்டு அம்மாசி கதை இன்னும் மோசம். அவன் கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவன். மார்பில் வில்லை போட்டுக்கொண்டு "இன்னார், இன்னார், இன்னார்" என்று மூன்று தடவை கூப்பிட்டே வாழ்க்கையை ஓட்டியவன். தினமும் மத்தியானம் வாசலில் வந்து இரண்டு தடவை இருமுவான். நான் "வா" என்பேன். அவன் வருவான். நான் ஒருத்தனை வா என்று கூப்பிடுவது அந்த வீட்டில் அது ஒன்றுதான். அன்றைக்கு அவன் மருமகனுக்கு வேலை கிடைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான். தரையை விரலால் தட்டினான்.

"தங்கையா, பல்லி சொல்லுது பாரு! கட்டாயம் கிடைச்சிரும். எந்தத் திசையில சொல்லுது?"

"பல்லி இல்ல. நான்."

"நீயா? சரி, நீ எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கே?"

இதில் இன்னொரு சிறப்பு உண்டு. வாயை மூடியிருந்தால் சத்தம் சின்னது. வாயைத் திறந்தால் குகைக்குள் சுத்தியல் போட்ட மாதிரி இருக்கும். டிக் என்பது டொக் ஆகிவிடும். முன்னாலேயே நான் அதிகம் பேசமாட்டேன். இப்போது பேசுவதையே நிறுத்தினேன்.

ஆனால் முக்கியமான சங்கடம் இது எதுவுமில்லை.

முன்பெல்லாம் என் நெஞ்சு ஓடுகிறது என்பதற்கு என் நடமாட்டம்தான் சாட்சி. இப்போது வீடு முழுக்கக் கேட்டது. அது ஓடுகிற வரைக்கும் செல்லக்கிளி வரக்கூடாது. ஓடுகிறது, ஓடுகிறது என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. வீரம்மாள் அரிசி களைந்துகொண்டிருப்பாள். கையை நிறுத்துவாள். காது கொடுப்பாள். "ஓடுது" என்பாள் தனக்குத்தானே. மறுபடி களைவாள். சந்தோஷமாகச் சொன்னாளா, வேறு மாதிரிச் சொன்னாளா என்று நான் கேட்டதில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. வால்வும் பழகியது. ஒருநாள் நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, முருங்கைக்காய் போட்டுச் சாம்பார் வைக்கட்டா?"

டிக். டிக். டிக்.

"வை."

"தண்ணி வரி கட்டணுமாம்."

டிக். டிக். டிக்.

"சரி."

"செல்லக்கிளி மறுபடி முழுகாம இருக்காளாம்."

டிக்டிக்டிக்டிக்டிக்.

"அதுக்கென்ன?" என்றேன். கல் மாதிரி.

"ஒண்ணுமில்லைங்க" என்று உள்ளே போனாள். அடுப்பிடம் சொன்னாள்: "வாய் ஒண்ணு சொல்லுது. வால்வு ஒண்ணு சொல்லுது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷன் தன் வீட்டில் பொய்கூடச் சொல்லமுடியாது என்றால் அது என்ன வீடு? யோசித்தேன். பெரிய கடைவீதிக்குப் போனேன். இருப்பதிலேயே சத்தமான பெண்டுலம் கடிகாரமாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரன் "இது கொஞ்சம் சத்தம் ஜாஸ்திங்க" என்றான். "அதான் வேணும்" என்றேன். கூடத்தில், என் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினேன். இனி எது நான், எது கடிகாரம் என்று பிரம்மாவாலும் சொல்லமுடியாது.

"நல்ல கடிகாரம்ங்க" என்றாள் வீரம்மாள். பெண்டுலத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் ஆரம்பித்தாள்.

"புளி தீர்ந்துபோச்சு."

"ம்."

"செல்லக்கிளிக்குக் காலெல்லாம் வீக்கமாம். அம்மாசி அண்ணன் பார்த்துட்டு வந்து சொன்னாரு."

"ம்."

கைதட்டிச் சிரித்தாள். "புளிக்கு, கடிகாரம் ஒண்ணு அடிச்சா நீங்களும் ஒண்ணு அடிக்கிறீங்க. செல்லக்கிளிக்கு, கடிகாரம் ஒண்ணு அடிச்சா நீங்க ரெண்டு அடிக்கிறீங்க. முன்னாடி எனக்குக் குத்துமதிப்பாத்தான் தெரியும். இப்பக் கணக்காத் தெரியுது. மகராசனா இருங்க."

மூடி மறைக்கத் திரை வாங்கப் போனவன் தராசு வாங்கி வந்திருந்தேன். கழற்றிவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டேன். டாக்டர் ஸ்டூலில் ஏறக்கூடாது என்றிருக்கிறார் என்று ஸ்டூலை எடுத்துப்போய்விட்டாள்.

சிரித்தவள் சாயங்காலம் என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"ஏழாம் மாசம் பொறந்ததும் அவளை இங்க கூட்டிட்டு வரணுங்க."

"சத்தியம்."

"மொதப் பிள்ளையை நான் கையிலகூட வாங்கல. கறுப்பா செவப்பான்னு தெரியாது. இதையாவது..."

"சத்தியம்."

"சத்தியம் எதுவரைக்கும்?"

"நெஞ்சு ஓடுற வரைக்கும்."

"நின்னுட்டா?"

"நின்னா நானே இல்ல. அப்புறம் உன் இஷ்டம்."

"நெசமா? நெஞ்சு நின்னா என் இஷ்டம்?"

"ஒரு தடவை சொன்னாப் பத்தாதா?"

அவள் எழுந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மாசி அண்ணே! ஒப்புக்கிட்டாரு. வாங்க!"

அம்மாசி வந்தான். இருமவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. வரும்போதே மேல்துண்டை இடுப்பில் கட்டி, முதுகை நிமிர்த்தியிருந்தான். கூடத்தின் நடுவில் நின்று "தங்கையன்! தங்கையன்! தங்கையன்!" என்றான்.

"எதிர்ல தானேய்யா உட்கார்ந்திருக்கேன்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. வீரம்மா, சொல்லும்மா."

"மெட்ராஸ்ல டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு அண்ணே. இவரு ரத்தத்தை ஒரு மிஷின் வழியா ஓடவிட்டாங்களாம். நெஞ்சை நிறுத்திட்டாங்களாம். நிறுத்தி, அறுத்து, வால்வு வெச்சு, தெச்சு, அப்புறமா ஓடவிட்டாங்களாம். ஓடிக்கிட்டிருக்கிற நெஞ்சில தைக்க முடியாதாம்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலேயே."

நான் வாயைத் திறந்தேன். டொக் என்றது. மூடினேன்.

"அதெல்லாம் செல்லாது" என்றேன் மூடிய பல்லோடு. "டாக்டர் நிறுத்தினது கணக்கில வராது. தானா நிக்கணும்."

"சத்தியத்துல தானான்னு சொன்னியா?"

"சொல்லல."

"ஓடுற வரைக்கும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஓடாம நின்னுச்சா, இல்லையா? ஒரே கேள்வி. ஆமா, இல்லைன்னு சொல்லணும்."

"அப்புறம் ஓடுச்சேய்யா!"

"அப்புறம் ஓடினது வேற ஓட்டம். வால்வு புதுசு, ஓட்டம் புதுசு. நீ சத்தியம் பண்ணின பழைய சாமானை அறுத்து ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டுட்டாங்க. வேணும்னா அங்க போயித் தேடு."

கடைசியாக ஒன்று கேட்டேன். "அப்படியே இருந்தாலும் நின்ன நேரத்துக்குத்தான் செல்லும். அந்த ஒரு மணி நேரம் போயிருச்சு. அப்ப யாரும் வரல. இனி வர முடியாது."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கடிகாரம் நிதானமாக அடித்தது. நானும் நிதானமாக அடித்தேன்.

"வந்தாளே" என்றாள் வீரம்மாள்.

"யாரு?"

"செல்லக்கிளி. ஆபரேஷன் அன்னிக்கு. டாக்டர்கிட்ட நேரம் கேட்டேன்ல, எதுக்குக் கேட்டேன்? நெஞ்சு நிக்கிற நேரம் தெரிஞ்சதும் ஊருக்குப் போற ஆள்கிட்டச் சொல்லி அனுப்பிச்சேன். அந்த நேரத்துக்குள்ள வந்து வாசப்படி மிதிச்சிட்டுப் போயிருன்னு. சாட்சி இருக்கு."

"எந்தச் சாட்சி?"

அவள் அம்மாசியைப் பார்த்தாள். அம்மாசி இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். இரண்டு தடவை இருமினான். டவாலி போய் அடுத்த வீட்டுக்காரன் வந்து உட்கார்ந்தான்.

"சாவி என்கிட்டத்தானே கொடுத்துட்டுப் போனீங்க" என்றான். "ஓடாத ரேடியோ ஒண்ணைத் தூக்கிக்கிட்டு லூர்து கடைக்குப் போயி, நான்தான் சேதி சொன்னேன். ரேடியோவையும் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டான், நல்ல பையன். மறுநாள் பொண்ணு வந்துச்சு. கதவைத் திறந்துவிட்டேன். வலது காலை எடுத்து வெச்சுது. கொடியில உன் சட்டை ஒண்ணு கிடந்துச்சு, கார்டு சட்டை. அதை எடுத்து மடியில போட்டுக்கிட்டு இங்கதான், நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல உட்கார்ந்துச்சு. தண்ணி கொடுத்தேன். குடிக்கல. 'இப்ப அப்பா நெஞ்சு நின்னிருக்கும் பெரியப்பா'ன்னுச்சு. வேற பேச்சு இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்திருச்சு. 'அம்மா சொன்ன நேரம் ஆயிருச்சு. இந்நேரம் ஓட ஆரம்பிச்சிருக்கும். இனி நான் உள்ள இருக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு வெளிய போயிருச்சு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஓட ஆரம்பிச்சுதா இல்லையான்னு இங்க யாருக்குத் தெரியும் தங்கையா? நீ அங்க செத்துக்கூடப் போயிருக்கலாம். நான் சொன்னேன், சேதி வர்ற வரைக்கும் உள்ளயே இரும்மான்னு. கேட்கல. உள்ள இருந்தா நீ போயிட்டேன்னு ஆயிருமாம். வெளிய போயி, பொழுது சாயிற வரைக்கும் தெருவுலயே நின்னுச்சு."

கடிகாரம் பேசியது. நான் பேசினேன். கடிகாரத்தைவிட வேகமாகப் பேசினேன். அம்மாசிக்கும் கேட்டிருக்கும். அவன் பல்லியைத் தேடவில்லை.

"சரி" என்றேன். "சத்தியம் போச்சு. அவ்வளவுதானே."

மறுநாள் வீரம்மாள் பஸ் ஏறினாள். எட்டு வருஷத்துக்கு மேல் ஏறாத பாலத்தின் மேல் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள்.

"எங்க?"

"வரமாட்டேங்கிறா."

"சத்தியம்தான் போச்சே?"

"சொன்னேன். 'சத்தியம் போனா அப்பா போன்னு சொன்னதுதான் போச்சு. வான்னு சொன்னாரா?'ன்னு கேட்டா. உங்க வாயால வான்னு கேட்டாத்தான் வருவாளாம். 'சொல்லமாட்டாரும்மா'ன்னும் அவளே சொல்லிட்டா."

"சொல்லமாட்டேன்."

"அதான் சொன்னேனே. உங்க பொண்ணு."

கோபத்தில் சொன்னதல்ல. கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. எந்த வருஷம் தீர்ந்தது என்றே எனக்குத் தெரியாது. வா. ஒரே எழுத்து. வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். டொக், டொக் என்றது. எழுத்து வரவில்லை. இன்னொரு தடவை திறந்தேன். டொக். பேச்சைச் சேர்த்துவைத்தால் வட்டியோடு இருக்கும் என்று நினைத்திருந்தேன். பூசணம் பிடித்துவிடும் என்று தெரியாது.

ஏழாம் மாசம் முடிந்தது. எட்டாம் மாசமும் பாதி போயிற்று. வீரம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது. பழைய புடவைகளைக் கிழித்து, துவைத்து, கொடியில் காயப்போட்டாள். பிள்ளைத் துணி. "யாருக்கு?" என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காய்ந்ததும் மடித்து வைத்தாள். மறுபடி துவைத்தாள்.

ஒருநாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் இரண்டு இருமல்.

நான் "வா" என்றேன்.

கதவு திறந்தது. முதலில் வயிறு வந்தது. அதற்குப் பின்னால் செல்லக்கிளி வந்தாள். மெலிந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. முப்பதுகூட ஆகாதவளுக்கு நரை.

அடுப்படியிலிருந்து வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். நாடகக் கொட்டகையில்கூட அப்படி வைக்கமாட்டார்கள்.

"அடியே! நீயா? யாரு உன்னை உள்ள வரச் சொன்னா?"

"அப்பாதான் வான்னாரு."

"உன்னையா? நல்லா இருக்கே! அம்மாசி அண்ணன்தான் இருமுறாருன்னு நினைச்சு வான்னுட்டாருடி. நீ அவர மாதிரியே இருமினதும் பாவம், ஏமாந்துட்டாரு. நீன்னு தெரிஞ்சிருந்தா அந்த வாய் திறந்திருக்குமா?"

செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். "அப்படியாப்பா?"

அப்பா என்ற சொல்லை எட்டு வருஷத்துக்கு மேல் கேட்காத காது. தலை ஆடவுமில்லை, ஆடாமலுமில்லை.

"அப்ப என்னைக் கூப்பிட்டதா ஆகாது" என்றாள். திரும்பினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலைத் தூக்கி வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைக்கப்போனாள்.

"நில்லு" என்றேன்.

நின்றாள்.

"அம்மாசி இருமல் எனக்குத் தெரியாதா? அவன் இருமினா தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்கும். இது யார் இருமல்னு தெரியாமத்தான் வான்னேனா? கக்குவான் வந்து நீ இருமினப்ப தோள்ல போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடந்தவன் யாரு? உங்கம்மாவா நடந்தா? மொத இருமல்லயே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். உன்னைத்தான் சொன்னேன். வா. உள்ள வா. வந்து உட்காரு."

டொக் டொக் டொக் என்று பின்பாட்டு. இவ்வளவு வார்த்தை நான் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

அவள் வந்தாள். உட்காரவில்லை. என் முன்னால் நின்று, நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குனிய முடியாமல் குனிந்து காதை வைத்தாள்.

"அன்னிக்கு நின்னது இதுதானாப்பா?"

"ம்."

"நான் வெளிய போனதும் ஓடிருச்சில்ல?"

"ஓடிருச்சு."

அவள் அழுதாள். எனக்குள் இருந்ததும் என்னவோ செய்தது. நான் அழவில்லை. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லவில்லை. இருந்தாலும் நான் அழவில்லை.

"அவன் எங்க?" என்றேன்.

"யாரு?"

"அவன்தான்."

"தெருமுனையில ரிக்‌ஷாவுல இருக்காரு. பெட்டி இருக்கு."

"வெயில்ல என்ன உட்கார்றது?"

அவள் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதாவது மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அங்கே நாலு பேருக்குச் சோறு வடித்திருந்தது. உள் அறையில் பாய் விரித்து, மடித்த துணிகளைத் தலைமாட்டில் அடுக்கியிருந்தது. திடுக்கிட்டு நெஞ்சில் கைவைத்தவள் இப்போது சாவகாசமாக ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருமலுக்கு நான் ஏமாறவில்லை. 'பாவம், ஏமாந்துட்டாரு' என்ற சொல்லுக்குத்தான் ஏமாந்தேன். ஆபரேஷன் செய்தும் திறக்காத என் வாயை அந்த ஒரு சொல்லால் திறந்தவள் வீரம்மாள்.